வெள்ளைத் துணியின் வெளிக்கோடு

பூங்கோதைக்குக் கோடு போடுவதுதான் பிழைப்பு. வாசலில் போடுகிற கோடும் இல்லை, ரோட்டில் போடுகிற கோடும் இல்லை. கணினித் திரையில், ஒரு படத்தில் இருக்கிற ஆளையோ ஆப்பிளையோ அம்மனையோ சுற்றி மயிரிழை பிசகாமல் ஒரு கோடு. கோட்டைச் சுற்றிக்கொண்டு வந்து தொடங்கின இடத்திலேயே முடித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், உள்ளே இருந்தது மாயமாகிவிடும். வெளிவிளிம்பு மட்டும் நிற்கும். நடுவில் கண்ணாடி மாதிரி ஓர் ஓட்டை. பின்னால் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அதன் வழியே தெரியும். கணினிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லத் தெரியாது. அதற்குப் பதிலாகச் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டம் காட்டும். அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்தே பூங்கோதையின் கண்ணுக்கு முப்பத்தாறு வயதில் கண்ணாடி வந்துவிட்டது.

இந்த வேலையை மெஷினே செய்துவிடும் என்று பத்துப் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். செய்கிறதுதான், யார் இல்லை என்றது. ஆனால் மல்லிகைப்பூ வைத்த தலையைக் கொடுத்தால் பாதிப் பூவைத் தின்றுவிடுகிறது. முருகனுக்கு வேல் எங்கே முடிகிறது, மயில் தோகை எங்கே தொடங்குகிறது என்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் சிவகாசிக் காலண்டர்க் கம்பெனிகளில் பூங்கோதை மாதிரி நாலு பேருக்கு இன்னமும் நாற்காலி இருந்தது.

அந்த வைகாசியில், பக்கத்து நாற்காலி ஹபீபா தன் ஆறு மாதப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. கணவன் சவூதியில், தமாமில் இருந்தான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா என்று தினமும் நச்சரித்தான். படம் எடுக்கப் பூங்கோதையும் துணைக்குப் போனாள். ஆறு மாதக் குழந்தைக்குத் தனியாக உட்காரத் தெரியாது. படத்திலோ வேறு யாரும் தெரியக் கூடாது, பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். இதற்கு ஸ்டுடியோக்காரர்கள் காலங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நாற்காலியில் ஒரு ஆளை உட்கார வைத்துத் தலையோடு ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திவிடுவார்கள். அந்த மடியில் குழந்தையை வைத்ததும், துணிக்குள் இருந்தபடியே இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படத்தில் குழந்தை வெள்ளைச் சுவரில் சாய்ந்து ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஹபீபா முன்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினால்தான் பிள்ளை கேமராவைப் பார்க்கும். ஆகவே துணிக்குள் போனது பூங்கோதை.

உள்ளே மூச்சு முட்டியது. துணி மூக்கில் ஒட்டிக்கொண்டது. குழந்தையின் விலா எலும்பு இரண்டு உள்ளங்கையிலும் ஏறி ஏறி இறங்கியது. வெளியே எல்லாரும் குழந்தையைக் கொஞ்சினார்கள். துணிக்குள் இருக்கிறவளை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அவள் சிரித்தாலும் அழுதாலும் நாக்கைத் துருத்தினாலும் கேட்க நாதியில்லை. அந்த இடத்தில்தான், அந்தப் புழுக்கத்தில்தான், பூங்கோதைக்குத் தன்னுடைய படம் ஞாபகம் வந்தது.

அவளுக்கும் அப்படி ஒரு படம் உண்டு. மூன்று மாதக் குழந்தை, பெரிய கண், கலைந்த முடி, பின்னால் வெள்ளைத் துணி. துணிக்குள் இரண்டு கைகளின் புடைப்பு. படத்தின் பின்பக்கம் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: ஒப்படைத்த அன்று, தாய் மடியில். திருச்சிப் பக்கம் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் எடுத்த படம் அது. அந்த இல்லம் மூடி இருபது வருஷமாகிவிட்டது, காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டதாகச் சொன்னார்கள். பெற்றவளைப் பற்றி உலகத்தில் மிச்சமிருந்தது அந்த இரண்டு கை மட்டும்தான்.

தத்துப் பிள்ளை என்பதை அவள் அம்மா சௌந்தரம் ஒருநாளும் மறைத்தது கிடையாது. எட்டு வயதிலேயே உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள். சௌந்தரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். புருஷன் இல்லாமல் பிள்ளை எதற்கு என்று கேட்ட ஒரு சித்தப்பாவிடம், "மாப்பிள்ளைக்குத்தான் ஜாதகம் பாக்கணும். பிள்ளைக்கு வேண்டாம்ல, அதான்" என்று சொன்னவள். அந்தச் சித்தப்பா அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. சௌந்தரம் அதற்காக வருந்தியதாகவும் தெரியவில்லை.

அப்படிப்பட்ட அம்மாவிடம் போய், பெற்றவளைத் தேடப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பூங்கோதை சொல்லவில்லை. மறுநாள் வேலைக்கு வந்ததும் ஹபீபாவிடம்தான் கேட்டாள்.

"ஹபீபா, படத்துல மறைஞ்சதக் காட்டுற அந்த ஊடுகாட்டிக்கு நீதான டிரெய்னிங் போயிட்டு வந்த? ஒரு துணிக்குப் பின்னாடி இருக்கறவங்களக் காட்டுமா அது?"

ஹபீபா டீயை வைத்துவிட்டுத் திரும்பினாள். "என்னக்கா திடீர்னு?"

"சொல்லேன்."

"காட்டும்க்கா. ஒரு ஆள் நின்னா அவருக்குப் பின்னாடி இருக்கறது நமக்கு மறையுது. ஆனா பின்னாடி இருக்கறது மேல பட்ட வெளிச்சம் சும்மா இருக்காதுல. சுவத்துல கொஞ்சம் சிந்தியிருக்கும், பக்கத்துல நிக்கிறவங்க கண்ணுல கொஞ்சம், நகையில கொஞ்சம். துணின்னா இன்னும் லேசு, துணி வழியாவே கசிஞ்சு வந்திருக்கும். நம்ம கண்ணுக்குத்தான் அது வெறும் வெள்ளை. நாம கோடு போட்டு நடுவ எடுத்துட்டோம்னா, அது அந்தச் சிந்தின வெளிச்சத்தையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, உண்மையிலேயே பின்னாடி என்ன இருந்துச்சோ அதக் காட்டும். கற்பனை கிடையாது. அதனாலதான் அத்தனை ரகளை."

ரகளை என்ன என்று பூங்கோதைக்கும் தெரியும். ஊடுகாட்டி வந்த புதிதில் ஆளாளுக்குக் கையில் எடுத்து விளையாடினார்கள். பழைய கல்யாண ஆல்பத்தையெல்லாம் பிரித்து மாப்பிள்ளையை ஓட்டையாக்கிப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்குப் பின்னால் பெண்ணின் அப்பா தூணோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நாற்பது வருஷமாக அன்றைக்கு அவர் சிரித்தபடியே இருந்தார் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் வேறு ஏதோ தெரிந்து, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி எங்கேயோ பிழைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, தேர்த்திருவிழாக் கூட்டத்தில் கேமராவைப் பார்த்ததும் ஒரு பெரியவர் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கிறாள். அந்தப் படத்தை அவன் ஊடுருவிப் பார்த்து, ஊரைக் கண்டுபிடித்து, அவளையும் கண்டுபிடித்துவிட்டான். அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது.

"இப்ப அப்படியெல்லாம் டப்புனு பாத்துர முடியாதுக்கா," என்றாள் ஹபீபா. "நம்ம கோடு போட்டு அனுப்பணும். உள்ள இருக்கற முகத்த ஊடுகாட்டி ஆபீஸ் மெஷின் மட்டும் பாக்கும். யாருன்னு கண்டுபிடிச்சு, உசுரோட இருந்தா அவங்களுக்கே மெசேஜ் போகும். உங்கள ஒருத்தங்க பாக்கணும்னு கேக்கறாங்க, காட்டலாமான்னு. அவங்க சரின்னாத்தான் படம். வேண்டாம்னா வெறும் கோடு. நடுவுல ஒண்ணும் இருக்காது."

"அவங்க பேரு, ஊரு?"

"மூச்சு விட மாட்டாங்க. மறைஞ்சு நின்னவங்களுக்கு மறைஞ்சே நிக்க உரிமை இருக்குல்ல."

ஹபீபா சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருப்பதையெல்லாம் மனசு ஒத்துக்கொள்கிறதா என்ன. பூங்கோதை மதியச் சாப்பாட்டைத் தொடாமல் தன் கணினியில் இருந்த அந்தப் படத்தைத் திறந்தாள்.

படத்தில் கைகளே இல்லை. துணி பளிச்சென்று, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், பால் மாதிரி இருந்தது. சில வருஷத்துக்கு முன்னால் அவளே செய்த கைங்கரியம் அது. வாடிக்கையாளர் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் பின்னணியை வெள்ளை ஆக்குவது, சுருக்கத்தை நீவுவது, தோளில் தொங்குகிற அடுத்த ஆள் கையை அழிப்பது என்று தொழிலில் ஊறிப்போன புத்தி, தன் படத்தையும் விட்டுவைக்கவில்லை. பழைய படத்தைப் புதுசாக்குகிறேன் என்று ஸ்கேன் செய்து, பெற்றவளின் இரண்டு கையையும் உட்கார்ந்து அரைமணி நேரம் துடைத்தெடுத்திருக்கிறாள். முடித்துவிட்டு, சுத்தமாக வந்திருக்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டது வேறு நினைவுக்கு வந்தது. இந்தப் புத்தியைச் செருப்பால் அடித்தால் தேவலை என்று தோன்றியது.

அசல் படம் வீட்டில், சௌந்தரத்தின் பீரோவில் இருந்தது. அன்று சாயங்காலம் காபி குடித்தபடியே, ஒன்றும் இல்லாதது மாதிரி கேட்டாள்.

"அம்மா, என் சின்னப்பிள்ளைப் படம் ஒண்ணு இருக்குல்ல, அதக் கொஞ்சம் குடு. பெருசாக்கி மாட்டலாம்னு இருக்கேன்."

"எதுக்கு இப்ப?"

"ஹபீபா பிள்ளைக்கு எடுத்தோம்ல, அப்ப ஆசையா இருந்துச்சு."

சௌந்தரம் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். பட்டுப் புடவைகளுக்கு நடுவில், ஒரு பழைய டைரிக்குள் இருந்து படத்தை எடுத்துக் கொடுத்தாள். "அந்தத் துணியெல்லாம் எதுக்கு. வெட்டிட்டு உன்னை மட்டும் பெருசாக்கு. உனக்கு அதானே வேலை" என்றாள்.

அம்மாவுக்கு வருத்தம் என்று பூங்கோதைக்குப் புரிந்தது. வளர்த்தவளுக்கு இருக்காதா? சளி பிடித்தால் முதுகில் தைலம் தேய்த்தவள், கணக்குப் பரீட்சைக்குப் பள்ளிக்கூட வாசலில் காத்துக் கிடந்தவள், ஓசூர் மாப்பிள்ளையைக் கட்டிவைத்து, அவன் மாதம் இருமுறை வந்து போகிற வேலையில் இருப்பதால் மகள் தனியாகிவிடக் கூடாது என்று தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவள். அவள் எதிரிலேயே இன்னொருத்தியின் கையைத் தேடுவது பூங்கோதைக்கும் உறுத்தியது. ஆனாலும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். உறவு கொண்டாட வேண்டாம். போய்ச் சேர்ந்து இருக்க வேண்டாம். மூன்று மாதம் வைத்திருந்து, தெருவில் போடாமல், குப்பைத்தொட்டியில் போடாமல், ஓர் இல்லத்தைத் தேடிக் கொண்டுவந்து, கடைசி நிமிஷம்வரை மடியில் பிடித்திருக்கிறாளே. அதற்கு ஒரு வார்த்தை.

வாழ்நாளில் அவள் அவ்வளவு கவனமாகக் கோடு போட்டது கிடையாது. காலண்டர் அம்மனுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். இதற்கு மூன்று நாள் ஆயிற்று. துணியின் விளிம்பைச் சுற்றினால் போதாது. துணிக்குள் இருக்கிற ஆளின் விளிம்பைச் சுற்ற வேண்டும். தலை எங்கே, தோள் எங்கே என்று துணியின் மடிப்பைப் பார்த்து ஊகித்து, நிழலைப் பார்த்துத் திருத்தி, அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். தலை கொஞ்சம் குனிந்திருந்தது. இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. கைக்கு வந்தபோது பெரிதாக்கிப் பார்த்து, பத்து விரலையும் தனித்தனியாகச் சுற்றி வந்தாள். அந்த விரல்கள் துணியோடு சேர்த்துக் குழந்தையின் இடுப்பை எப்படிப் பிடித்திருந்தன என்று அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

தொடங்கின இடத்தில் கோட்டைக் கொண்டுவந்து சேர்த்துப் பொத்தானை அழுத்தினாள். துணி போயிற்று. ஒரு பெண்ணின் வெளிக்கோடு நின்றது. அதன் நடுவில் சாம்பல் கட்டமும் வெள்ளைக் கட்டமும். ஆளே இல்லாத அந்த மடியில் குழந்தைப் பூங்கோதை அந்தரத்தில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தாள்.

அனுப்புகிற படிவத்தில், எதற்காகப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று ஓர் இடம் இருந்தது. நீங்கள் எழுதுவது அப்படியே அவரிடம் சேர்க்கப்படும், உங்கள் பெயர் சேர்க்கப்படாது என்று போட்டிருந்தது. பூங்கோதை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். ஹபீபா எட்டிப் பார்க்கவில்லை. டீ வந்தபோது வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. மூன்றே வரி. உருவம் அடையாளம் காணப்பட்டது. சம்பந்தப்பட்டவர் உயிருடன் இருக்கிறார். அனுமதி கோரப்பட்டுள்ளது.

உயிருடன் இருக்கிறார். பூங்கோதை அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தாளோ. ஹபீபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறாள், எங்கேயோ சோறு ஆக்கியிருக்கிறாள், மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள், நல்லபடியாக இருந்திருக்கிறாள். யாருக்கு என்று தெரியாமலேயே பூங்கோதை மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்கள் யார் ஏறினாலும் எழுந்து இடம் கொடுத்தாள். வீட்டிலும் அம்மா மேல் பாசம் பொங்கி வழிந்தது. செவ்வாய்க்கிழமை அல்வா வாங்கி வந்தாள், வியாழக்கிழமை கால் அமுக்கிவிட்டாள்.

"என்னடி, எதையாவது உடைச்சுட்டியா?" என்று கேட்டாள் சௌந்தரம்.

"ஏன், சும்மா செய்யக் கூடாதா?"

"செய்யி செய்யி. நானா வேண்டாங்கறேன்."

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. பதில் இல்லை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டாளோ, வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்து பயந்துபோனாளோ என்று பூங்கோதைக்குக் கவலை பிடித்தது. ஒருத்தியின் நிம்மதியைக் கெடுத்துவிட்டோமோ என்றும் தோன்றியது. ஹபீபாதான் சமாதானம் சொன்னாள். "இன்னும் திறந்தே பாக்கலைன்னு காட்டுதுக்கா. பெரியவங்க, மெசேஜ் பாக்கத் தெரியாதோ என்னமோ."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சௌந்தரம் அடுக்களை வாசலில் பலகையைப் போட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாரம் முழுக்கச் சௌந்தரத்தின் போனில் சேர்ந்துகிடக்கிற மெசேஜை எல்லாம் பூங்கோதை சத்தமாக வாசிக்க வேண்டும். வேண்டியதற்குச் சௌந்தரம் பதில் சொல்வாள், வேண்டாததை அழிக்கச் சொல்வாள். படிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் முப்பது வருஷம் காதில் குரல் கேட்டே பிழைத்தவளுக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. ஒருத்தன் பொய் சொல்கிறானா மெய் சொல்கிறானா என்பது குரலில் தெரியும், எழுத்தில் என்ன தெரியும் என்பாள். எக்ஸ்சேஞ்சில் எத்தனை வீட்டு ரகசியத்தைக் கேட்டிருப்பாள். கேட்டது எதுவும் அவள் பல்லைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

"கேஸ் புக் ஆயிருச்சாம், செவ்வாய்க்கிழமை வருதாம்" என்று வாசித்தாள் பூங்கோதை. "புடவைக் கடையில தள்ளுபடியாம்."

"அழி."

"மல்லிகா அத்தை பேத்திக்கு வளைகாப்பாம், இருபதாம் தேதி."

"போவோம். அடுத்து?"

அடுத்ததைத் திறந்த பூங்கோதைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மெசேஜின் மேலே ஒரு படம் இருந்தது. ஒரு பெண்ணின் வெளிக்கோடு, குனிந்த தலை, தாழ்ந்த இடது தோள், நடுவில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம். மூன்று நாள் உட்கார்ந்து போட்ட கோடு அவளுக்குத் தெரியாதா. விரல் விரலாகச் சுற்றி வந்த கோடு.

என்னுடைய படம் இந்தப் போனுக்கு எப்படி வந்தது என்றுதான் முதலில் நினைத்தாள். கீழே எழுதியிருந்தது: பழைய படம் ஒன்றில் மறைந்திருக்கும் உருவம் உங்களுடையது என்று கண்டறியப்பட்டுள்ளது.

அடுக்களையில் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. பூங்கோதை போனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சௌந்தரம் வெண்டைக்காயின் காம்பை அரிந்து ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வாசிக்க மாட்டேங்கற? யாரும் செத்துட்டாங்களா?"

"இல்லம்மா."

போன் அவள் கையில் இருந்தது. கேட்டவளும் அவள்தான், பதில் போடுகிற விரலும் அவளுடையதுதான். சம்மதம் என்று தானே அமுக்கிவிட்டால் அடுத்த நிமிஷம் அந்த முகம் தெரிந்துவிடும். விளம்பரம் என்று சொல்லி அழித்துவிட்டால் அம்மா எப்போதும்போலக் குழம்பு வைப்பாள், முப்பத்தாறு வருஷம் காத்தது காத்தபடியே இருக்கும். இரண்டுமே திருட்டுத்தனமாகப் பட்டது. எதை நம்புகிறாளோ அந்தக் குரலில் அம்மாவுக்குச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. பூங்கோதை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பழைய படம் ஒண்ணுல நீ மறைஞ்சு இருக்கியாம். அதைப் பாக்கலாமான்னு ஒருத்தங்க கேக்கறாங்க. லெட்டர் எழுதியிருக்காங்க. வாசிக்கவா?"

சௌந்தரத்தின் கத்தி நின்றது. "என்ன படம்?"

"வெள்ளைத் துணி போத்தி, மடியில பிள்ளை வச்சு எடுத்த படம்."

சௌந்தரம் நிமிரவில்லை. நறுக்கின துண்டுகளை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினாள். "வாசி" என்றாள்.

பூங்கோதை வாசித்தாள்.

"வணக்கம். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிக்குள் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பிடித்திருந்தீர்கள். அந்தக் குழந்தை நான்தான். நன்றாக இருக்கிறேன். உங்களிடம் நியாயம் கேட்கவோ உறவு கேட்கவோ வரவில்லை. நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். படத்தில் உங்கள் கை மட்டும் தெரிகிறது. ரொம்ப இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். போன வாரம் நானும் ஒரு குழந்தையை அப்படித் துணிக்குள் இருந்து பிடித்தேன். அவ்வளவு இறுக்கம் தேவைப்படவில்லை. அதில்தான் உங்களைத் தெரிந்துகொண்டேன்."

திரையைத் தள்ளிவிட்டு மிச்சத்தையும் வாசித்தாள்.

"என்னை வளர்த்த அம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உங்களை நினைத்துக் கும்பிட்டுக்கொள்ளச் சொல்வார். விட்டுவிட்டுப் போனவளுக்கு எதற்குக் கும்பிடு என்று சின்ன வயதில் நான் அடம்பிடித்திருக்கிறேன். அவளும் பாவம்தாண்டி என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். இப்போது நானாகவே கும்பிடுகிறேன். நீங்கள் என்னைப் பெற்றதற்கு நன்றி. விட்டதற்கும் சேர்த்து நன்றி. நீங்கள் விட்டதால்தான் எனக்கு என் அம்மா கிடைத்தார். அவரைப்போல ஒருத்தர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை."

அதோடு கடிதம் முடிந்துவிட்டது. சௌந்தரம் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெண்டைக்காய்ப் பிசுக்கு கன்னத்தில் ஒட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கா," என்றாள். "ஒரு இடத்துல மட்டும் தப்பா எழுதியிருக்கா."

"எந்த இடத்துல?"

"விட்டதுக்கு நன்றின்னு போட்டிருக்கால்ல. அது தப்பு. விடல. வேலைய எழுதிக் கேட்டு ஊர் மாத்தி வாங்கிட்டு, தனியா ஒரு வீடு பாத்து, மனு போட்டு, கோர்ட்டுல கையெழுத்து வாங்கி, திரும்பத் தூக்கறதுக்கு இருவத்திரெண்டு மாசம் ஆயிருச்சு. அந்த இல்லத்துல இருந்த பெரியம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுத்துறாதீங்கன்னு அவங்க காலப் புடிச்சேன்."

"நேரா வந்து என் பிள்ளைன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா ஊரு உனக்கு ஒரு பேரு வச்சிருக்கும்டி. அந்தப் பேரோட பள்ளிக்கூடம் போயிருப்ப, அந்தப் பேரோட கல்யாணத்துக்கு நின்னுருப்ப. தத்து எடுத்தேன்னதும் என்னைப் புண்ணியவதின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. உன்னை ஒரு வார்த்தை சொல்லல." சௌந்தரம் மூச்சு வாங்கினாள். "உங்கிட்டச் சொல்லணும்னு வருஷா வருஷம் நினைப்பேன். பிறந்தநாளைக்குக் கும்பிடுன்னதும் நீ கண்ண மூடிக் கும்பிடுவியா, எனக்கு அதுவே போதும்னு இருந்துரும்."

பூங்கோதைக்கு எழுந்து போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷக் கும்பிடும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்பதை நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது. போனை மட்டும் நீட்டினாள்.

"கீழ ரெண்டு கட்டம் இருக்கு. காட்டலாம்னு ஒண்ணு, காட்ட வேண்டாம்னு ஒண்ணு. எதைப் போட?"

சௌந்தரம் அந்த வெறும் கோட்டைப் பார்த்தாள்.

"வேண்டாம்னு போடு," என்றாள். "அந்த மூஞ்சி வேண்டாம்டி. மூணு நாளா அழுது வீங்கிக் கெடந்துச்சு. நீ இந்த மூஞ்சியவே பாத்துக்க."

பூங்கோதை இரண்டாவது கட்டத்தை அழுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.